வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

வீடியோ கேசட்டுகளை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் மலிந்திருந்த காலத்தில், அதாவது 1980களின் நடுப்பகுதி தொடங்கி அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் வரையில், சனிக்கிழமை மாலை அத்தகைய கடை ஒன்றின் படியேறி, "நல்ல படமா ஒண்ணு குடுங்க" என்று கேட்ட மனிதரிடம், தொழிலில் பழுத்த கடைக்காரர் எடுத்த எடுப்பில் எந்தப் படத்தின் பெயரையும் சொல்லிவிடமாட்டார். "வீட்டுல யார் யார் இருக்காங்க?" என்றுதான் முதலில் விசாரிப்பார். ஊரிலிருந்து மாமனார் வந்திருக்கிறாரா, பரீட்சை முடிந்த பிள்ளைகள் கூட்டமாக உட்காரப் போகிறார்களா, அல்லது புதிதாகக் கல்யாணமான தம்பதிகள் மட்டுந்தானா என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே அவருடைய கை அலமாரியின் எந்தத் தட்டுக்குப் போகவேண்டும் என்பது தீர்மானமாகும். படத்தின் தகுதியைப் படத்தில் மட்டும் தேடாமல், அதைப் பார்க்க உட்காரும் கூட்டத்தோடு சேர்த்து நிர்ணயித்த அந்தக் கேள்வியை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்குப் படம் சொல்லும் வழக்கம் நம்மிடையே எப்படித் தோன்றி, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறிற்று என்பதை எழுதவேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்வியிலிருந்தே எனக்குப் பிறந்தது.

படம் சொல்லும் வழக்கம் வீட்டில் தொடங்கியதன்று, கொட்டகையில் தொடங்கியது. 1905-ஆம் ஆண்டில் ரயில்வே உத்தியோகத்தை விட்டுவிட்டு, திருச்சிராப்பள்ளிக்கு வந்திருந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சென்ற கோயமுத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலிருந்தே, படம் வந்திருக்கிறது என்ற செய்தி ஒரு வழியாகவும், அது பார்க்கத் தகுந்தது என்ற செய்தி வேறொரு வழியாகவும் ஜனங்களை வந்தடைந்தன. முன்னதைச் சொல்ல, தட்டி கட்டிய மாட்டுவண்டியும், அதன் பின்னால் ஓடும் பிள்ளைகளுக்கு வாரி இறைத்த வண்ணக் காகித நோட்டீசும், பிற்காலத்தில் ஒலிபெருக்கியும் போதுமானவையாக இருந்தன. பின்னதைச் சொல்லும் அதிகாரமோ, முதல் நாள் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சியிலோ ஆற்றுத் துறையிலோ நின்ற ஒரு மனிதருக்கே உரியதாயிருந்தது. அவர் விளம்பரக்காரரிடம் கூலி வாங்கியவரல்லர். தம்முடைய நாலணாவைச் செலவழித்து, வந்த பலாபலனை நாலு பேருக்குச் சொன்னவர். படத்தைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டால் அன்று மாலையே அதே பெஞ்சியில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். சிபாரிசு என்ற சொல்லுக்கு இந்தப் பொறுப்பே உயிர் என்பது என் அபிப்பிராயம்.

அச்சில் இந்தப் பொறுப்பை ஏற்றவர்களும் விரைவிலேயே தோன்றினார்கள். ஆனந்த விகடனில் "கர்நாடகம்" என்ற புனைபெயரில் "ஆடல் பாடல்" பகுதியை எழுதிய கல்கி, கச்சேரியையும் நாடகத்தையும் எடைபோட்ட அதே தராசில் பேசும்படத்தையும் வைத்து நிறுத்தபோது, ஒரு படத்திற்குப் போகலாமா கூடாதா என்று தயங்கிய குடும்பங்களுக்கு, நேரில் அறியாத ஒரு மனிதருடைய ரசனையை நம்பி முடிவு செய்யும் பழக்கம் முதன்முதலாக வாய்த்தது. குண்டூசி, பேசும் படம் முதலிய சினிமாப் பத்திரிகைகள் அந்தப் பழக்கத்தை மேலும் விரிவாக்கின. பின்னர் ஆனந்த விகடன் விமரிசனத்தின் அடியில் மதிப்பெண் போடும் முறையைக் கைக்கொண்டதும், பள்ளிக்கூடப் பரீட்சைக்குப் பழகிய நம்முடைய சமூகம் அதை அப்படியே பற்றிக்கொண்டது. 1977-இல் வெளியான "பதினாறு வயதினிலே" படத்திற்கு அந்தப் பத்திரிகை அளித்த 62.5 என்ற மதிப்பெண்ணை, படத்தின் வசனங்களைப் போலவே மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். ஆயினும் இவையெல்லாம் வீட்டைவிட்டு வெளியே போய்ப் படம் பார்ப்பவனுக்குச் சொல்லப்பட்ட யோசனைகள். வீட்டுக்குள்ளேயே படம் வந்து சேர்ந்தபோது யோசனையின் இயல்பும் மாறவேண்டியதாயிற்று.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. தெருவுக்கு ஒன்றோ இரண்டோ பெட்டிகள் இருந்த அந்த ஆரம்ப ஆண்டுகளில், வெள்ளிக்கிழமை இரவின் "ஒலியும் ஒளியும்", ஞாயிற்றுக்கிழமை மாலையின் தமிழ்த் திரைப்படம் ஆகிய இரண்டுக்காகவும் அயல்வீட்டுக் கூடங்களில் சென்று அமர்ந்தவர்களுக்கு, எதைப் பார்க்கலாம் என்ற கேள்வியே எழுந்ததில்லை. நிலையம் காட்டியதைப் பார்த்தார்கள். தெரிவு செய்ய இடமில்லாத இடத்தில் சிபாரிசுக்கு வேலையில்லை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது வேறு வடிவத்தில் இருந்தது. வரப்போகும் நிகழ்ச்சிகளை அறிவித்த "முன்னோட்டம்" நிகழ்ச்சியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தின் பெயர் வெளியானவுடன், அந்தப் படத்தை முன்பு கொட்டகையில் பார்த்த பெரியவர் ஒருவர் ஒவ்வொரு கூடத்திலும் இருந்தார். அவர் அந்த வாரம் முழுவதும் அதன் பெருமையைச் சொல்லிச் சொல்லி, இளையவர்களைப் படத்துக்குத் தயார் செய்துவைப்பார். இன்ன இடத்தில் இன்ன பாட்டு வரும், அதைக் கவனித்துக் கேள். இன்ன காட்சியில் அந்த நடிகர் திரும்பிப் பார்ப்பார், அதற்காகவே நான் நாலு தடவை போனேன் என்று அவர் சொன்னவையெல்லாம், படத்தைத் தேர்ந்தெடுக்க உதவவில்லையானாலும், படத்தைப் பார்க்கும் கண்ணை உண்டாக்கின. பழைய படங்களின் மேல் என் தலைமுறைக்கு ஏற்பட்ட பக்தி பெரும்பாலும் இத்தகைய பெரியவர்களின் உபயமே.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் தேசிய ஒளிபரப்பில் காட்டப்பட்டுவந்த மாநில மொழிப் படங்களின் விஷயம் தனியானது. வங்காளத்திலும் கேரளத்திலும் கன்னட நாட்டிலும் விருது பெற்ற படங்கள், அடியில் ஆங்கில எழுத்துக்களோடு, மதிய உணவு உண்ட களைப்பில் ஊரே உறங்கிக்கொண்டிருந்த வேளையில் நம்முடைய கூடங்களுக்கு வந்து போயின. பெரும்பாலானவர்கள் பெட்டியை அணைத்துவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு மூன்று இளைஞர்கள், ஒரு பள்ளி ஆசிரியரோ ஒரு தபால் ஊழியரோ சொன்னதைக் கேட்டு, அந்தப் படங்களுக்காக விழித்திருந்தார்கள். சத்யஜித் ராயையும் அடூர் கோபாலகிருஷ்ணனையும் பட்டணத்துப் பிலிம் சொசைட்டியின் வாசலை மிதியாமலே அறிந்துகொண்டவர்கள் அவர்கள். தென்கோடியில் கடலோரமாக இருந்தவர்களுக்கு இன்னொரு பாக்கியமும் கிட்டியது. 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியை, மொட்டைமாடியில் உயரமான கம்பத்தை நட்டு, ஆண்டெனாவைத் தெற்கே திருப்பி, கீழேயிருந்து ஒருவர் "தெரியுது, தெரியுது" என்று கூவ, மேலேயிருந்து ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, இப்படியெல்லாம் பாடுபட்டு வருவித்தார்கள். சென்னை ஒளிபரப்பு எட்டாத ஊர்களில் இன்றைக்கு என்ன தெரிகிறது என்று விசாரிப்பதே முதல் சிபாரிசாக இருந்தது.

இந்த ஏகபோக நிலையை உடைத்தது ஓர் அரை அங்குல அகலமுள்ள காந்த நாடா. ஜப்பானில் 1975-இல் சோனி நிறுவனம் பீட்டாமாக்ஸ் முறையையும், 1976-இல் ஜேவிசி நிறுவனம் விஹெச்எஸ் முறையையும் வெளியிட்டன. இவற்றுள் பின்னதே நம் நாட்டில் வேரூன்றியதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. நம்மைப் பொறுத்தவரையில் மூன்று மணி நேரம் ஓடக்கூடிய நாடாவில் ஒரு முழுத் தமிழ்ப் படம், பாட்டும் சண்டையும் ஒன்றுவிடாமல், அடங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. 1982-இல் வண்ண ஒளிபரப்பும் டில்லி ஆசிய விளையாட்டும் சேர்ந்து வந்து, தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் மத்தியதர வர்க்கத்திற்கு இருந்த ஆசையை மூட்டிவிட்டன. அதே காலத்தில் வளைகுடா நாடுகளிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியவர்கள், சென்ட் பாட்டிலோடும் டேப் ரிக்கார்டரோடும், "டெக்" என்று நம் ஜனங்கள் அன்போடு சுருக்கி அழைத்த அந்த யந்திரத்தையும் கொண்டுவந்து இறக்கினார்கள். டெக் உள்ள வீடு என்பது பல ஊர்களில் ஒரு முகவரியாகவே விளங்கிற்று.

யந்திரம் வந்தால் மட்டும் போதுமா? அதற்குள் செருகக் கேசட் வேண்டுமே. விலை கொடுத்து வாங்குவது சாமானியருக்குக் கட்டுப்படியாகாத அந்த நாளில், வாடகைக் கடைகள் முளைத்தன. அவை தம்மை "வீடியோ லைப்ரரி" என்று அழைத்துக்கொண்டதைத் தற்செயல் என்று நான் கருதவில்லை. 1955-இல் சென்னை இராயப்பேட்டையில் தொடங்கிய ஈஸ்வரி போன்ற லெண்டிங் லைப்ரரிகளில், முன்பணம் கட்டி, பெயரைப் பதிந்து, நாவலையும் வாரப் பத்திரிகையையும் வாடகைக்கு எடுத்துச் சென்று பழகிய ஜனங்களுக்கு, கேசட் கடையின் முறைகள் புதியனவாகத் தோன்றவில்லை. முன்பணம், உறுப்பினர் எண், நீண்ட கட்டுக்கணக்குப் புத்தகம், தாமதத்திற்கு அபராதம் ஆகிய யாவும் அங்கிருந்து இங்கே வந்தவை. புத்தகம் எடுத்துக் கொடுத்தவர் "இதைப் படிச்சீங்களா? அம்மாவுக்குப் பிடிக்கும்" என்று சொன்ன அந்தக் குரலும் கூடவே வந்தது. ஆகையால் கேசட் கடைக்காரரை வெறும் நவீன யந்திரயுகத்தின் குழந்தையாகக் கருதாமல், வாடகை நூலகத்தாரின் வாரிசாகக் கருதுவதே சரித்திரத்திற்கு நியாயமாகும்.

எங்கள் ஊர்க் கடைத்தெருவின் கோடியில், ஒரு தையற்கடைக்கும் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவே, எட்டடிக்குப் பத்தடி அளவில் இருந்த அத்தகைய கடையொன்றை நான் பல ஆண்டுகள் அறிவேன். சுவரின் மூன்று பக்கமும் கேசட்டுகள் முதுகைக் காட்டி நிற்கும். ஒவ்வொரு முதுகிலும் கடைக்காரர் தம் கையெழுத்தில் எழுதிய எண்ணும் பெயரும் இருக்கும். மேல்தட்டில் சாமி படங்கள். அதற்குக் கீழே சிவாஜி, எம்.ஜி.ஆர், கண்ணுக்கு நேரான தட்டில் ரஜினி, கமல், கீழே இந்திப் படங்களும் இங்கிலீஷ் சண்டைப் படங்களும். பத்து ரூபாய் வாடகை, ஒருநாள் அவகாசம். "ரீவைண்ட் செய்து தரவும்" என்று ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையைப் பொருட்படுத்தாமல் நாடாவைச் சுற்றாமலே திருப்பிக் கொடுத்தவர்களை அவர் கடிந்துகொள்வார். ஆனால் கேசட்டின் சிறு கண்ணாடி வழியே நாடா எந்த இடத்தில் நின்றுபோயிருக்கிறது என்பதை ஒருகணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கடிந்துகொள்வார். படத்தைக் கடைசிவரை பார்த்தார்களா, பாதியிலே நிறுத்திவிட்டார்களா, எந்தக் கட்டத்தில் எழுந்து போனார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு பார்வையில் அவருக்குத் தெரிந்துவிடும். "நல்லாருந்துச்சு அண்ணே" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போனவரின் சொல்லைவிட, இடைவேளைக்கு முன்பே நின்றுபோன நாடாவின் சொல்லையே அவர் நம்பினார். அடுத்த முறை அந்த வீட்டுக்கு அவ்வகைப் படத்தை அவர் எடுத்து நீட்டியதே இல்லை.

அவருடைய கணக்குப் புத்தகமும் ஒரு பெரிய கல்வி. இன்ன தேதியில் இன்ன எண்ணுக்கு இன்ன கேசட் என்று எழுதியிருந்த பத்திகளின் ஓரத்தில், சிவப்புப் பென்சிலால் சிறு குறிகள் இட்டிருப்பார். ஒரே கேசட்டை மறுநாளும் வைத்துக்கொண்டு இரட்டை வாடகை கொடுத்த வீட்டுக்கு ஒரு குறி. எடுத்த ஒரு மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்த வீட்டுக்கு வேறொரு குறி. துக்கம் நடந்த வீட்டுப் பிள்ளை முதன்முதலாகப் படம் எடுக்க வந்தபோது, அவன் கேட்ட படத்தைக் கொடுக்காமல், "இது வேணாம் தம்பி, அம்மா பக்கத்துல உட்காருவாங்கல்ல? இதை எடுத்துட்டுப் போ" என்று ஒரு நகைச்சுவைப் படத்தை அவர் மாற்றிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை கேட்ட படத்தில் தகப்பன் இறந்துபோகும் காட்சி இருந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. எந்தப் பத்திரிகை விமரிசகரும், அவர் எவ்வளவு பெரிய கலாரசிகராயினும், இந்த யோசனையைச் சொல்லியிருக்க முடியாது. ஏனெனில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது.

இரசனையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அக்காலத்து முக்கியமான இன்னொரு விஷயத்தை விட்டவனாவேன். அக்காலத்தில் படம் எப்படி என்ற கேள்விக்கு முன்பாகவே "பிரிண்ட் எப்படி?" என்ற கேள்வி வந்துவிடும். வெளிநாட்டு வீடியோ உரிமைக்காகத் தயாரிக்கப்பட்ட கேசட்டுகள் துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தன. அவற்றின் அடிப்பகுதியில் அங்குள்ள நகைக்கடைகளின் விளம்பரம் ஊர்ந்துகொண்டே போகும். கொட்டகையில் கேமராவை ஒளித்து வைத்து எடுத்தவையும் இருந்தன. அவற்றில் முன்வரிசையில் எழுந்து போகிறவரின் தலை நாயகியின் முகத்தை மறைக்கும். பிரதிக்குப் பிரதி எடுத்து நாலாம் தலைமுறைக்கு வந்த நாடாவில், வண்ணங்கள் வெளிறி, உருவங்களின் விளிம்பு கசிந்து, படம் மழையில் நனைந்ததுபோல் இருக்கும். நாடாவில் பூஞ்சை பிடித்திருந்தால் டெக்கின் ஹெட்டில் அழுக்கு ஏறிவிடும். பிறகு மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் அதைப் பக்குவமாகத் துடைக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்போக வேண்டும். ஆகவே ஒரு கேசட்டைச் சிபாரிசு செய்தவர் கதைக்கு மட்டுமன்றி நாடாவின் ஆரோக்கியத்திற்கும் உத்தரவாதம் சொன்னவராவார்.

டெக் வாங்க வசதியில்லாதவர்கள், பெட்டி, டெக், மூன்று கேசட் ஆகியவற்றைச் சேர்த்து ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். திருவிழா முடிந்த இரவு, கல்யாணத்திற்கு மறுநாள், பொங்கல், தீபாவளி, காதுகுத்து என்று எதுவும் இதற்கு முகாந்தரமாகும். தெருவார் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட பணத்தில் எடுக்கப்படும் அந்த மூன்று படங்களை எவையெவை என்று தீர்மானிக்கும் சபை, பஞ்சாயத்துக்குக் குறைந்த காரியமாக நடந்ததில்லை. நானறிந்தவரையில் ஒரு சம்பிரதாயமே ஏற்பட்டிருந்தது: முதற்படம் பக்திப் படமாகவோ பழைய குடும்பப் படமாகவோ இருக்கும், கிழவிகளும் குழந்தைகளும் விழித்திருக்கும் நேரம் ஆகையால், இரண்டாவது புதுப்படம், அது எல்லோருக்கும், மூன்றாவதை வாலிபர்கள் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள், அது தொடங்கும்போது வானத்தில் வெள்ளி முளைத்திருக்கும். ஒரே இரவுக்குள் மூன்று தலைமுறைகளுக்கும் இடம் ஒதுக்கித் தந்த இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எழுத்தறிவு குறைந்த தெருப் பெரியவர்கள். அதைவிடச் சிறந்த நிகழ்ச்சி நிரலை நான் எந்தத் திரைப்பட விழாவிலும் கண்டதில்லை.

பெண்களிடையே இந்த வழக்கம் வேறு விதமாக நடந்தது. கடைக்குப் போய்க் கேசட் எடுப்பது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் வேலையாக இருந்தபடியால், பெண்கள் தங்கள் தேர்வைப் பிள்ளைகளின் கையில் ஒரு துண்டுச் சீட்டாகக் கொடுத்தனுப்பினார்கள். அந்தச் சீட்டில் எழுதவேண்டிய பெயரை அவர்கள் அறிந்தது, பிற்பகலில் கொல்லைச் சுவரின்மேல் கையூன்றி நின்று அடுத்த வீட்டுக்காரி சொன்ன கதையிலிருந்து. படத்தின் பெயரையும் நடிகரையும் மட்டும் சொல்லி நிறுத்தும் வழக்கம் அவர்களிடம் இல்லை. முதற்காட்சியிலிருந்து தொடங்கி, பாட்டு வரும் இடத்தில் பாட்டின் முதலடியை முணுமுணுத்து, அழும் இடத்தில் தாமும் குரல் தழுதழுத்து, மிகச் சரியாக இடைவேளைக் கட்டத்தில், "மீதியை நீயே பாத்துக்கோக்கா" என்று நிறுத்துவார்கள். கேட்டவள் அன்று மாலையே சீட்டு எழுதினாள். எங்கள் கடைக்காரர் ஒருமுறை என்னிடம், ஒரே தெருவிலிருந்து ஒரே வாரத்தில் ஒரே பழைய படத்திற்கு ஐந்து சீட்டுகள் வந்ததைக் காட்டி, "இது அந்தத் தையல் டீச்சரம்மா சொன்ன கதை" என்று பெருமிதத்தோடு கூறினார். ஒரு தெருவின் ரசனையை நிர்ணயிக்கும் மனிதர் யார் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

இந்த வியாபாரத்தின் பெரும்பகுதி சட்டத்திற்குப் புறம்பாகவே நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. படமெடுத்தவரின் உழைப்பு அவருக்குப் பலன் தராமல் நாடாவில் கசிந்து போயிற்று. 1984-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, வீடியோ கேசட்டுகளின்மேல் உரிமையாளரின் விவரங்கள் இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாடு அரசும் வீடியோ மூலம் படம் திரையிடுவதை ஒழுங்குபடுத்தத் தனிச்சட்டம் இயற்றிற்று. 2004-ஆம் ஆண்டில் திருட்டு வீடியோக்காரர்களைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரும் அளவுக்கு விஷயம் முற்றியது. கொட்டகைக்காரர்களும் தயாரிப்பாளர்களும் பட்ட நஷ்டம் மெய்யானது. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் புதுப்படத்தின் திருட்டுப் பிரதியை விற்று ஓடியவனையும், இருபது ஆண்டுகளுக்கு முந்திய படத்தைத் தூசி தட்டி எடுத்து ஒரு கிழவரின் கையில் கொடுத்தவரையும் ஒரே பெயரால் அழைக்க என் மனம் இடங்கொடுப்பதில்லை.

கடலுக்கு அப்பால் இந்த வழக்கம் பட்ட பாடு வேறு. யாழ்ப்பாணத்தில் 1990-ஆம் ஆண்டிலிருந்து பல ஆண்டுகள் மின்சாரமே இல்லாதிருந்தது. அங்கே ஒரு படம் பார்ப்பதென்றால், தொலைக்காட்சியும் டெக்கும் "கொப்பி" என்று அங்கே அழைக்கப்பட்ட கேசட்டும் மட்டுமன்றி, ஜெனரேட்டரும் அதற்கு ஊற்ற மண்ணெண்ணெயும் தேடவேண்டும். மண்ணெண்ணெயோ பொருளாதாரத் தடையினால் பொன்னைப்போல் அளந்து விற்கப்பட்டது. அத்தனை பிரயாசைப்பட்டு எரிக்கும் எண்ணெய்க்குத் தகுந்த படமா இது என்ற கேள்வி அங்கே எவ்வளவு கனமுடையதாக இருந்திருக்கும் என்பதை, ஒரு பொத்தானைத் தட்டிப் படத்தை மாற்றும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கிருந்து டொரண்டோவுக்கும் லண்டனுக்கும் பாரீசுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் திறந்த பலசரக்குக் கடைகளில், அரிசி மாவுக்கும் கருவாட்டுக்கும் பக்கத்தில் தமிழ்ப் படக் கேசட்டுகளும் வாடகைக்கு இருந்தன. வாரச் சாமான் வாங்க வந்தவர்கள், பனியில் நனைந்த கோட்டோடு நின்று, "அண்ணை, இந்தக் கிழமை என்ன நல்ல படம்?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியில் ஊர்ச்செய்தியும் உறவுச்செய்தியும் சேர்ந்தே விசாரிக்கப்பட்டன.

இங்கே, 1990களின் தொடக்கத்தில் கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை வந்தன. நாளொன்றுக்கு நாலைந்து படங்கள் கேளாமலே கூடத்தில் வந்து விழுந்தபோது, பத்து ரூபாய் கொடுத்துக் கேசட் எடுப்பவர் குறைந்தார்கள். விசிடியும் டிவிடியும் வந்தபின், நாடாவுக்கு விடைகொடுக்கும் வேளையும் நெருங்கிற்று. கடைக்காரர் சிலர் தட்டுக்களை மாற்றிக்கொண்டார்கள். பலர் செல்போன் ரீசார்ஜ் கடையாக மாறினார்கள். 2007-ஆம் ஆண்டு வாக்கில் மோசர் பேயர் நிறுவனம், 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் என்று சட்டப்படியான பிரதிகளையே விற்கத் தொடங்கியபோது, வாடகைக்கு எடுப்பதில் பொருளே இல்லாமற் போயிற்று.

ஆனால் அந்த இடைக்காலத்தில், படம் சொல்லும் கலை சென்னையில் வேறொரு மூலையில் கொழுந்துவிட்டது. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்திற்கு அருகே ஏற்பட்ட பர்மா பஜாரின் நெருக்கமான கடைகளில், குரோசவாவும் பெர்க்மனும் ஈரானியப் படங்களும் வட்டுக்களாகக் கிடைத்தன. அதே காலத்தில் ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் "உலக சினிமா" என்ற தொடரை எழுதினார், எஸ். ராமகிருஷ்ணன் தம் கட்டுரைகளில் அயல்நாட்டுப் படங்களை ஒரு நண்பருக்கு எழுதும் கடிதம்போல் அறிமுகப்படுத்தினார். சுஜாதா தம் பத்திகளில், தாம் பார்த்தவற்றைப் போகிறபோக்கில் சொல்லிச் சென்றார். பத்திரிகையிலிருந்து கத்தரித்த பக்கத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஜாருக்கு வந்த உதவி இயக்குநர்களையும் கல்லூரி மாணவர்களையும் எதிர்கொண்ட கடைப்பையன்கள், பெரும்பாலும் அதிகம் படித்திராதவர்கள், அந்த அயல்நாட்டுப் பெயர்களை நாளடைவில் தாங்களே கற்றுக்கொண்டு, "சார், அந்த டைரக்டரோட இன்னொரு படம் வந்திருக்கு" என்று எடுத்துக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். எழுத்தாளர் சொல்ல, வாசகர் கேட்க, வியாபாரி கற்றுக்கொள்ள, அவர் மறுபடி இன்னொரு வாசகருக்குச் சொல்ல, இப்படி ஒரு சுற்று பூர்த்தியாயிற்று.

2016-இல் நெட்பிளிக்ஸ், அமேசான் முதலியவை இங்கே கடை விரித்தன. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாடெங்கும் கதவடைத்தபோது, தூர்தர்ஷன் பழைய இராமாயணத்தை மறுபடி ஒளிபரப்ப, மே மாதக் கடைசியில் "பொன்மகள் வந்தாள்" கொட்டகைக்கே போகாமல் நேரே வீட்டுக்கு வந்தது. அந்த மாதங்களில் எனக்கு உறவினரிடமிருந்தும், பல ஆண்டுகளாகப் பேசாதிருந்த பழைய சிநேகிதர்களிடமிருந்தும் வந்த செய்திகளில், உடல்நலம் விசாரித்த வரிக்கு அடுத்த வரி பெரும்பாலும் ஒரு படத்தின் பெயராகவே இருந்தது. "இதைப் பார், உனக்குப் பிடிக்கும்" என்ற அந்த இரண்டு சொற்றொடர்களில் இரண்டாவதே முக்கியமானது. இன்று யந்திரமும் நமக்குப் படம் சொல்கிறது. எந்த இடத்தில் நாம் நிறுத்தினோம் என்பதை, எங்கள் கடைக்காரர் நாடாவைப் பார்த்து அறிந்ததுபோல, அதுவும் அறிந்துவைத்திருக்கிறது. ஆனால் நாம் எழுந்துபோனது அலுப்பினாலா, அடுப்பில் பால் பொங்கியதாலா, பக்கத்திலிருந்த தாயாரின் கண் கலங்கியதாலா என்பதை அது விசாரிப்பதில்லை.

கொட்டகை நாளைய நோட்டீசுகளும் பாட்டுப் புத்தகங்களும் ஒருகாலத்தில் குப்பையாக மதிக்கப்பட்டவை. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற ஒரு தனிமனிதர் அத்தகைய காகிதங்களையும் பொருட்படுத்திச் சேர்த்துவைத்தபடியால், அவர் மறைந்தபின் 1994-இல் சென்னையில் அமைந்த ஆராய்ச்சி நூலகத்தில் இன்று அவற்றை யாரும் சென்று பார்க்க முடிகிறது. எங்கள் ஊர்க் கடைக்காரரின் கணக்குப் புத்தகங்கள் அவ்வளவு பாக்கியம் செய்யவில்லை. அவர் காலமானபின் கடையைக் காலி செய்தவர்கள் அவற்றை எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்று நான் அறிந்தபோது காலம் கடந்துவிட்டது. ஒரு தெரு பதினைந்து ஆண்டுகளாக எந்தெந்த இரவில் எதைப் பார்த்துச் சிரித்தது, எதைப் பாதியில் நிறுத்தியது என்பதற்கு அவற்றைவிட வேறு சாட்சியம் கிடையாது. இதைப் படிப்பவர்களில் எவர் வீட்டுப் பரணிலாவது, தகப்பனாரோ மாமாவோ நடத்திய வீடியோ கடையின் கட்டுக்கணக்குப் புத்தகம் ஒன்று இன்னமும் கிடக்குமானால், கேசட்டுகள் பூத்துப்போயிருந்தால் போகட்டும், அந்தப் புத்தகத்தை மட்டும் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள்; அருகிலுள்ள ஒரு நூலகத்திலோ கல்லூரியிலோ, கடையின் பெயரையும் ஊரையும் முதற்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.